நலம் விசாரித்து ஏமாற்றியவள்

முழங்கால் ஆபரேஷன் முடிந்து அயனம்பாக்கம் வீட்டில் படுத்திருந்தேன். சமூக வலைதளத்தில் அறிமுகமான ஒருத்தி தினமும், "மாத்திரை போட்டீங்களா அக்கா?" என்று கேட்பாள். வீட்டில்கூட யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து கிரிப்டோவில் பணம் போடச் சொன்னாள். கணவருக்குத் தெரியாமல் நாற்பதாயிரம் போட்டேன். அவள் கொடுத்த ஆப்பில் அது ஒரு லட்சமாகக் காட்டியது. எடுக்கப் போனபோது, முதலில் முப்பதாயிரம் வரி கட்ட வேண்டும் என்றாள். என்னிடம் இல்லை என்றேன்.

"வளையலை அடகு வைங்க. நொண்டிக்கு எதுக்கு வளையல்?" என்று எழுதினாள்.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்றே கணவரிடம் சொல்லி, சைபர் கிரைமில் புகார் கொடுத்தேன். பணம் இன்னும் வரவில்லை, கோபமும் தணியவில்லை. இப்போதெல்லாம் முகம் தெரியாதவர்கள் 'அக்கா' என்று ஆரம்பித்தாலே பிளாக் செய்துவிடுகிறேன், அவர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும் சரி.