சிரிக்கலாம், கை தட்டக் கூடாது!

போன ஞாயிறு மத்தியானம் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மண்டபம். முந்நூறு தமிழர். எல்லோர் முகத்திலும் செத்தவீட்டுக் களை. நடந்துகொண்டிருந்ததோ... நகைச்சுவை நிகழ்ச்சி!

மேடைக்கு வரவேண்டியவர் லண்டன் குலம் அண்ணை. எக்கவுண்டன்சி படிக்கப் போய், ஒரு பரீட்சை விடாமல் கோட்டைவிட்டு, பப்புகளில் வெள்ளைக்காரருக்குப் பகிடி சொல்லிப் பிழைத்த மனிதர். பிறகு ரேடியோவில் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சி. மொத்தம் நாற்பது வருடம். எங்களுக்கெல்லாம் அவரால் பெரிய பெருமை. எங்கள் பிள்ளைகளை அந்தத் தொழிலுக்கு விடுவோமா? அந்தக் கதையை விடுங்கள்.

எங்கள் பழைய மாணவர் சங்கம் மாசியில் அவரை புக் பண்ணியது. வைகாசியில் இலங்கையில் யுத்தம் முடிந்தது. எப்படி முடிந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த நேரத்தில் சனம் சிரிப்பதா? டோர்செட் பார்க்கில் ஓர் அப்பார்ட்மெண்டின் பார்ட்டி ரூமில் கமிட்டி மூன்று மணித்தியாலம் தங்களுக்குள் வாக்குவாதப்பட்டு அடிபட்டது. கடைசியில் தலைவர் செல்வம் அங்கிள் முன்மொழிய, ஏகமனதாக ஒரு தீர்மானம் — சபையோர் சிரிக்கலாம். கை தட்டக் கூடாது. வேறு எந்த இனத்துக்காவது இந்த மூளை வருமா?

குலம் அண்ணைக்கும் மனம் சரியில்லை. அவருடைய அக்கா வன்னியில் அகப்பட்டு, மூன்று மாதமாக உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது.

"வீட்டிலை இருந்தாலும் போனைத்தான் பாத்துக்கொண்டு இருக்கப் போறன்," என்றவர் மேடையேறுமுன் தன் செல்போனை என்னிடம் தந்தார். "அடிச்சா எடும். அக்காவெண்டா மேடைக்கு ஓடி வாரும்."

விளக்கேற்றல். மௌன அஞ்சலி. ஐந்து உரைகள். சனம் அழுது ஓய்ந்தபிறகு அண்ணையை அழைத்தார்கள். அவர் மைக்கைப் பிடித்தார்.

"மௌன அஞ்சலி எனக்குப் புதுசில்லை. லண்டன் பப்புகளிலை என்ரை ஒவ்வொரு பகிடிக்குப் பிறகும் அதுதான் கிடைக்கும்!"

சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. கைகள் தட்டிவிடுமோ என்று பயந்து பலர் அவற்றைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணை அடுத்ததாகத் தலைமை வாத்தியாரின் சைக்கிள் கதையைத் தொடங்கினார். அப்போதுதான் போன் அடித்தது.

"குலத்தின்ரை அக்கா கதைக்கிறன். அகதி முகாமிலை ஆரோ ஒராளின்ரை போன் தம்பி, ரெண்டு நிமிசம்தான்."

நான் மேடைப் பக்கம் திரும்பினேன். "அக்கா, அண்ணை மேடையிலை! பிடியுங்கோ, கூட்டிக்கொண்டு வாறன்."

"அதென்ன சத்தம்? சனம் சிரிக்குதோ?"

"ஓம் அக்கா," என்றேன். வெட்கமாக இருந்தது. அந்தக் கிழவி எங்களைப்பற்றி என்ன நினைப்பார்?

"அவனைக் குழப்பாதை. போனை உயத்திப் பிடி, நானும் கேக்கிறன்."

பிடித்தேன். மேடையோரத்தில் சிலை மாதிரி நின்றேன். சைக்கிள் கதை முடிந்து மண்டபம் மறுபடி வெடித்ததும் போனைக் காதில் வைத்தேன்.

"உது அவன் பத்தாம் வகுப்பிலை சொன்ன பகிடி! இன்னும் உதைத்தான் சொல்லித் திரியிறானோ? சரி, நான் சுகமெண்டு சொல்லு." லைன் அறுந்தது.

மேடைக்கு ஓடினேன். காதில் சொன்னேன். அண்ணை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும்தான். சபை ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் கண்ணைத் துடைத்து, மைக்கை எடுத்தார்.

"அக்கா உயிரோடை இருக்கிறா. பகிடி பழசாம்."

முதலில் எழுந்து கை தட்டியவர்... செல்வம் அங்கிள்!