எப்போ வருவீங்க?

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தவில்லை. என் மனைவியிடம்கூட இதுவரை சொன்னதில்லை. ஆனால் நடந்தது. நான் லிஃப்ட் சர்வீஸ் செய்பவன். ஆளில்லாத கட்டடங்களில் தனியாக நின்று வேலை பார்த்தே பாதி வயது போய்விட்டது. காலி வீட்டில் ஏதோ சத்தம் கேட்டால் பதறுகிற ஆள் நான் இல்லை. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுதான். ஆணி அடிக்கக் கூடாது, மாடியில் துணி காயப்போடக் கூடாது, சொந்தக்காரர்கள் வந்தால் தங்கக் கூடாது... கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. குழந்தையைக்கூடத் தள்ளிப் போட்டோம்.

"சொந்த வீட்டுக்குப் போய்ப் பெத்துக்கலாம். இங்க சுவத்துல கிறுக்கி வெச்சா யாரு திட்டு வாங்கறது?" என்று அவள்தான் சொன்னாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. இனிமேல் கஷ்டம் என்று டாக்டர் சொன்ன நாளில் அவள் அழவில்லை. அதற்கப்புறம் அவள் சிரித்தும் நான் பார்க்கவில்லை. எனக்கும் உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. வீடு பார்ப்பதை மட்டும் விடவில்லை. அதையும் விட்டுவிட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் பேச எதுவும் இருக்காது.

அன்று திங்கட்கிழமை. இரண்டாவது மாடியில் ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. புரோக்கர் கதவைத் திறந்துவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"ரெண்டு வருஷமா பூட்டியே கெடக்கு சார். நிதானமா பாருங்க. கீழ ஒரு பார்ட்டி நிக்கறாங்க, பேசிட்டு வந்துடறேன்."

மணி மூன்று பத்து. வெயில் நன்றாக இருந்தது. ஹாலில் தூசி மெத்தென்று படிந்திருந்தது. அதில் என் செருப்புத் தடம் மட்டும்தான். நல்ல வீடு. சும்மா சொல்லக் கூடாது, கிழக்குப் பார்த்த பால்கனி, இரண்டு படுக்கையறை. சின்ன அறையில் மட்டும் நிற்காமல் வெளியே வந்துவிட்டேன்.

குளியலறைக் கதவைத் தள்ளினேன். தரை ஈரமாக இருந்தது. குழாயைத் திருகினேன். தண்ணீர் வரவில்லை.

சமையலறையில் காஸ் இணைப்பே இல்லை. ஆனால் அப்போதுதான் பால் பொங்கி அடுப்பில் வழிந்த மாதிரி ஒரு தீய்ந்த வாடை... மேடையில் கை வைத்தேன்.

சூடாக இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அந்தச் சமையலறையில் ஜன்னல் கிடையாது.

போதும் என்று வெளியே வந்தேன். வாசற்படி தாண்டும்போது, "வரேன்" என்றேன். ஆளில்லாத வீட்டிடம் போய்ச் சொன்னேன். என்ன செய்ய, எங்கிருந்து கிளம்பினாலும் "போறேன்" என்று சொல்லத் தெரியாத வாய்.

உள்ளேயிருந்து கேட்டது.

"எப்போ வருவீங்க?"

என் மனைவியின் குரல். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது, கையில் வேலையோடு, திரும்பிப் பார்க்காமல் கேட்பாளே... அதே மாதிரி.

அதனால்தான் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை வந்துடுவோம்."

படியில் பாதி இறங்கியபோதுதான் உறைத்தது. அங்கேயே நின்றேன். செல்லை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். அவள் மருந்துக் கடையில் வேலை செய்கிறாள்.

"எங்க இருக்கே?"

"கடையிலதான். கூட்டமா இருக்கு. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

மேலே அந்தக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

டக்...

உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.

சாவி என் கையில் இருந்தது.

அன்று இரவு அவளிடம் காற்றோட்டம் இல்லை, வீடு வேண்டாம் என்று பொய் சொன்னேன். "சரி" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. நாங்கள் இருக்கிற வாடகை வீட்டிலேயே ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டோம். எனக்குப் பயம்கூடக் கொஞ்ச நாளில் மரத்துவிட்டது.

போன மாதம் புரோக்கர் போன் செய்தார். எடுத்த எடுப்பிலேயே சண்டை.

"என்ன சார், வேண்டாம்னு சொல்லிட்டு ஓனர்கிட்ட நேரா முடிச்சுட்டீங்க. என் கமிஷனுக்கு வேட்டு வெச்சுட்டீங்களே."

"நாங்க வாங்கலையே."

"வீடு பாத்த அந்த வாரமே, வெள்ளிக்கிழமை குடி வந்துட்டீங்கன்னு கீழ்வீட்டு அம்மா சொல்றாங்க. சரி, நேர்ல பாப்போம்னு இப்பதான் போய்ட்டு வரேன். மேடத்தை எனக்குத் தெரியாதா? நாலு வீடு கூட்டிட்டுப் போய்க் காட்டினவன் நான். பால்கனியில துணி காயப்போட்டுக்கிட்டு நின்னாங்க. என்னைப் பாத்துச் சிரிச்சாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி சுவரோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இருந்தாலும் உங்க பொண்ணு நல்ல சூட்டிகை சார். பேரு என்னம்மான்னு கேட்டேன். கீழ கேக்கற மாதிரி சத்தமா சொல்லுச்சு."

அந்தப் பேரையும் சொன்னார்.

கல்யாணமான புதிதில், ஒரு ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வைத்த பேர் அது. இன்றுவரை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

"யாருங்க போன்ல?" என்றாள் என் மனைவி.

"ராங் நம்பர்" என்றேன்.