இல்லாத தம்பிக்கு வந்த அனுதாபம்

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய அந்த வருடங்களில் கொழும்பில் சொந்தமாக வானொலி அனுப்பும் கருவி வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் நான் ஒருவன். பகலில் அரசாங்கக் கந்தோரில் வரைபடம் கீறுவேன். ஞாயிறு பின்னேரங்களில் வெள்ளவத்தை வீட்டின் பின்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மோர்ஸ் சாவியைத் தட்டி, கடலுக்கு அப்பால் இருப்பவர்களோடு கதைப்பேன். பெரிய கதை ஒன்றுமில்லை. என் சத்தம் எப்படிக் கேட்கிறது, நீ என்ன வால்வு போட்டிருக்கிறாய், அங்கே மழையா என்பதோடு சரி. லைசென்ஸ் அவ்வளவுக்குத்தான் இடம் கொடுத்தது. சொந்த விஷயம் சின்னதாக ஒன்றிரண்டு சொல்லலாம். பிறத்தியாருக்காகச் செய்தி கொண்டுபோகக் கூடாது. அது தந்திக் கந்தோரின் வேலை. இந்த விதிகள் அச்சடித்த தாளை நான் சுவரில் ஒட்டியிருந்தேன். வருகிறவர்களுக்கு வாசித்தும் காட்டுவேன். அப்படியொரு மண்டைக்கனம்.

எனக்கு ஏரியல் கம்பம் நட்டுத் தந்தவர் கொட்டாஞ்சேனைக்காரர். இளமையில் பாய்க்கப்பலில் ஓடி, பிறகு துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். கடற்காற்றில் கம்பத்தின் கயிறுகள் தளர்ந்துவிடும் என்று மாதம் ஒருமுறை, மாதா கோவிலில் பூசை முடிந்த கையோடு டிராமில் கோட்டைக்கு வந்து, ரயில் ஏறி, வெள்ளவத்தைக்கு வருவார். நான் கூப்பிட்டு வருவதில்லை. கயிற்றை இறுக்குவார், ஒரு பிளேன்டீ குடிப்பார், போய்விடுவார்.

அவருடைய ஒரே மகன் பினாங்கில் வேலைக்குப் போயிருந்தான். அறை மாறுகிறேன், புது விலாசம் எழுதுகிறேன் என்று ஒரு கடிதம் போட்டதோடு சரி. ஆறு மாதமாக ஒரு வரி இல்லை. விலாசம் இல்லாமல் யாருக்குத் தந்தி அடிப்பது? நான் பினாங்கிலுள்ள ஒருவரோடு கிழமைதோறும் கதைப்பது தெரியவந்ததும், மகன் இருக்கிறானா என்று மட்டும் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார்.

நான் சுவரில் இருந்த தாளைக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. சரி ஐயா என்று சொல்லிவிட்டுப் போய்க் கயிற்றை இறுக்கினார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாப்பாடு போடும்போதுதான் வாய் திறந்தாள். “அங்க மழையோ எண்டு கேக்கலாம். அந்தாளின்ர பிள்ளை உயிரோட இருக்கோ எண்டு கேக்கக் கூடாதோ?”

அந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சொந்த விஷயம் பேசலாம்தானே? அந்தப் பையனை என் தம்பியாக்கிவிட்டேன். பினாங்கு நண்பர் அங்கே ஆஸ்பத்திரியில் கிளார்க். என் தம்பி உங்கள் ஊரில்தான் இருக்கிறான், கடிதம் இல்லை, கொஞ்சம் விசாரியுங்கள் என்று பெயரைத் தட்டி அனுப்பினேன். சட்டமும் மீறப்படவில்லை, மனைவியும் சிரித்தாள். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனைக்காரரை வரச் சொல்லியிருந்தேன். வெளுத்த சட்டை போட்டு, என் பக்கத்து வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கென்று பினாங்கு அவ்வளவு தெளிவாகக் கேட்டது. வழக்கம்போல எழுத்தெழுத்தாகப் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தேன். பெயர் சரி. வயது சரி. எங்கள் ஆஸ்பத்திரிதான். காய்ச்சல். அத்தோடு பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். காதால் மட்டும் கேட்டேன். இறந்து இரண்டு மாதம். கோவில் சேமக்காலையில் அடக்கம். உன் தம்பிக்காக மிகவும் வருந்துகிறேன். வானொலிக்காரர்களான எங்கள் ஆட்கள் எந்தப் பேச்சையும் எழுபத்து மூன்று என்ற இலக்கத்தைத் தட்டித்தான் முடிப்பார்கள். வாழ்த்துகள் என்று அர்த்தம். அன்று பினாங்கு நண்பர் அதைத் தட்டவில்லை.

என்ன சொல்கிறார் என்று கேட்டார் பக்கத்தில் இருந்தவர்.

சத்தம் கலைந்துபோய்விட்டது என்றேன். அது போதாதென்று பழைய விதியையும் இழுத்தேன். இதெல்லாம் இந்தப் பெட்டியில் கேட்கிற விஷயமில்லை, அந்த ஊர்ப் பங்குச் சுவாமிக்கு ஒரு தந்தி அடியுங்கள் என்று நானே வாசகம் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு பேச்சையும் குறித்துவைக்கும் லொக் புத்தகத்தில் ‘சத்தம் பலவீனம்’ என்று பதிந்தேன். அந்தப் புத்தகத்தில் நான் எழுதிய முதல் பொய் அது. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். தந்திக்காரன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் பின்னேரம், கந்தோரிலிருந்து நான் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, வாசலில் நின்றார். கையில் பதில் தந்தியின் உறை, பிரிக்காமல். கொட்டாஞ்சேனையில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. அவர்கள் எல்லாரையும் தாண்டி என்னிடம் கொண்டுவந்திருந்தார்.

பிரித்து வாசித்தேன். அப்போதுதான் தெரிந்தவன்போலத் திடுக்கிட்டும் காட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அவர் அழவில்லை. தந்தியை வாங்கி நாலாக மடித்தார்.

“அண்டைக்கு நீங்க பென்சிலை வச்சீங்க ஐயா. எனக்கு அப்பவே விளங்கிட்டு.”

பிறகு ஏன் தந்தி அடித்தீர்கள் என்று கேட்டேன்.

“வீட்டில அவன்ர தாயிட்டச் சொல்ல எனக்கு ஒரு கடதாசி வேணும். நீங்க தரேல்லையே.”

அதற்குமேல் மறைக்க ஒன்றும் இல்லை. ஒன்றைத் தவிர. பினாங்கு நண்பர் கடைசியாக என்ன சொன்னார் என்பதையும் சொன்னேன். உன் தம்பிக்காக வருந்துகிறேன் என்று எனக்கு அனுதாபம் சொன்னார் என்றேன்.

மடித்த தந்தியைப் பார்த்தபடி கேட்டார்.

“அது எனக்கு வந்ததுதானே?”

ஓம் என்றேன். தந்தியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார். அன்று அவர் கயிற்றைப் பார்க்கவில்லை.