வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

நான் ஜவுளிக்கடைக்காரன். முழம் போட்டுப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், இது நடந்தது. சின்னசேலத்தில், என் வீட்டில், 1987 செப்டம்பரில்.

எண்பது வருஷத்துப் பழைய வீட்டை வாங்கினேன். இடித்துவிட்டு மாடி கட்டச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. சிமெண்ட் வேண்டாம் என்று சுண்ணாம்பே அரைத்துப் பூசவைத்தேன். "சர்புதீன் பாய் வூடு கட்டல, மியூசியம் கட்டறாரு" என்று கடைத்தெருவே கேலி செய்தது.

மர வேலைக்குக் கச்சிராயபாளையத்திலிருந்து வேடியப்பன் ஆசாரி வந்தார். பின்கட்டு அறைக் கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை.

"பாய், இத்த எடுத்துட்டு உள்ள ஒண்ணு போட்டுடறேன்."

"எது எங்க இருந்துச்சோ, அங்கியே இருக்கணும் ஆசாரி."

"பொம்பளைங்க படுக்கற ரூமு பாய்..."

"சொன்னத செய்ங்க."

அவர் பதினாறாம் தேதி வேலையை முடித்துவிட்டுப் போனார். நிறைமாதமாக இருந்த என் மனைவி ருக்ஷானாவுக்கு அந்த அறையைக் கொடுத்தோம். அம்மா அந்த அறை வாசலில், கதவுக்கு வெளிப்பக்கம், கனமான திரை கட்டினார்.

மறுநாள் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. சாலையெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. சேலத்துக்கும் போக முடியாது, கள்ளக்குறிச்சிக்கும் போக முடியாது. எனக்கு ஒரே கவலை. வலி வந்துவிட்டால் இவளை எங்கே கொண்டுபோவேன்?

வியாழன் மாலை 6:50. பின்கட்டில் 'டக்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளி. அதே 6:50. அதே 'டக்'.

"ஏங்க கதவ சாத்திட்டு போனீங்க?" என்றாள் ருக்ஷானா. நான் அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தேன்.

சனிக்கிழமை மாலை கரண்ட் இல்லை. அவளுக்கு வலி கண்டது. அம்மா மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடினார். நான் அடுப்படியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன்.

'டக்...'

அடுத்த நொடி அவள் அலறல்.

ஓடினேன். கதவு மூடியிருந்தது. தள்ளினேன். திறக்கவில்லை.

"தொறங்க... தொறங்க..."

இருட்டு. திரைக்குள் கைவிட்டுத் தடவினேன். இரும்பு. ஐஸ் மாதிரி குளிர். தாழ்ப்பாள் போட்டிருந்தது.

இழுத்தேன். வரவில்லை.

மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள்...

என் காதோரம் ஒரு மூச்சு.

"பிஸ்மில்லா" என்று கத்தி, இரண்டு கையாலும் இழுத்தேன்.

'டக்.'

ருக்ஷானா கதவடியில் தரையில் கிடந்தாள். கூடத்துக்குத் தூக்கிவந்தேன். 8:10க்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். என் பிடிவாதத்தால்தானே இவ்வளவும் என்று அன்றைக்கு அழுதேன். அதன்பின் அந்தப் பக்கமே யாரும் போகவில்லை.

மறியல் முடிந்து, இருபத்துநாலாம் தேதி ஆசாரி வந்தார். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே பையிலிருந்து எதையோ எடுத்துத் தரையில் வைத்தார்.

அந்தத் தாழ்ப்பாள்.

"கோச்சிக்காதீங்க பாய். கதவு எளைக்கும்போது பார்த்தேன். உள்பக்கம், கீழ, நகத்தால பிறாண்டுன கோடு. ஒண்ணு ரெண்டு இல்ல... எவ்ளோ எளைச்சும் போவல. உங்க வூட்டுக்காரம்மா படுக்கற ரூமாச்சேன்னு மனசு கேக்கல. கெளம்பற அன்னிக்கே தாப்பாள கழட்டி எடுத்துக்கினு போய்ட்டேன். திட்டுவீங்கன்னுதான் சொல்லல."

போய்த் திரையை விலக்கினேன். ஆணி இருந்த ஓட்டைகளில் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்திருந்தார். அது காய்ந்து இறுகியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை, அந்தக் கதவின் வெளிப்பக்கம் தாழ்ப்பாளே இல்லை.