அண்ணா யாருக்கு வோட்டுப் போட்டார்?

எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளையான அண்ணா எங்களை விட்டுப் பிரிந்து இன்று முப்பத்தோராம் நாள். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்களில் பலர் ஐயர் எங்கே என்று சுற்றிப் பார்த்திருப்பீர்கள். ஐயர் இல்லை. அண்ணா மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்திருந்தார். அது பலருக்கு இன்னும் செரிக்காத செய்தி என்று எனக்குத் தெரியும். அதை மறைத்து எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதியதாகிவிடும்.

அண்ணா யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்தார். அப்பா வேளைக்கே காலமாகிவிட, படிப்பைப் பாதியில் நிறுத்தி, கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்து எங்களை ஆளாக்கினார். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் இருந்த அறை எரிந்துபோக, உடுத்த சாரத்தோடு கப்பலில் ஊர் வந்து சேர்ந்தார். பிறகு ரொறன்ரோ. டோர்செட் பார்க்கில் அடுக்குமாடி ஒன்றில் இருந்துகொண்டு, பகலில் தொழிற்சாலையும் மாலையில் உணவகச் சமையலறையுமாக உழைத்து, எங்களை ஒவ்வொருவராக வரவழைத்தார்.

அவர் தனியே கிடந்த முதல் குளிர்காலத்தில்தான் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக அந்தச் சபைக்கு ஆள் சேர்க்கும் இரண்டு வெள்ளைக்காரப் பெடியன்கள் கதவைத் தட்டினார்கள். ஊரில் இருந்த எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. விமானத்தால் இறங்கிய அம்மா மறுநாள் காலை தேத்தண்ணி கேட்டபோது, வீட்டில் தேயிலையே இல்லை. அந்தச் சபையில் தேத்தண்ணி, கோப்பி குடிக்கக் கூடாதாம். காரணம் விளங்கியதும் அம்மா அதிர்ந்துபோய் இருந்த கதிரையிலேயே இருந்தார். ஆனால் அண்ணா அன்றே கடைக்குப் போய்த் தேயிலை வாங்கி வந்தார். தான் குடிக்காத தேத்தண்ணியை அன்று தொடக்கம் தினமும் அம்மாவுக்குத் தன் கையால் ஊற்றிக் கொடுத்தார். அம்மாவின் பிள்ளையார் படத்துக்கும் சுவரில் தட்டு அடித்துக் கொடுத்தவர் அவரே.

கனடாப் பிரசை ஆனபின் அண்ணாவுக்கு முதல் தேர்தல் வந்தது. எங்கள் தொகுதியில் நின்றவர்களில் ஒருவர் அண்ணாவின் சபையைச் சேர்ந்தவர். அகதிகளுக்குக் கதவை இறுக்க வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறவர். எங்கள் கடைக்குட்டித் தம்பியோ ஜெர்மனி வழியாக வந்து, அகதிக் கோரிக்கைக்கு முடிவு தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தான். அண்ணா தன் சபைக்காரருக்குத்தான் போடுவார் என்பதில் எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஊரில் கோயில் தர்மகர்த்தா கைகாட்டும் பக்கம் தெருவே வோட்டுப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாங்கள்.

அந்த நினைப்பில்தான் எங்கள் சித்தப்பா, அண்ணாவுக்குத் தெரியாமல், உறவினர் இருவரைக் கூட்டிக்கொண்டு அந்தச் சபையின் பிஷப் வீட்டுக்குப் போனார். வெறுங்கையோடு போகலாமா? தட்டத்தில் வாழைப்பழம், தேசிக்காய், ஒரு தேங்காய். பிஷப் என்றதும் அங்கியும் மோதிரமுமாக ஒருவரை எதிர்பார்த்துப் போயிருக்கிறார்கள். கதவைத் திறந்தவர் தண்ணீர்க் குழாய் திருத்தும் வேலை செய்கிற மனிதர். சபை வேலைக்கு அவருக்குச் சம்பளமும் இல்லை. உங்கள் ஆட்களிடம் அந்த வேட்பாளருக்குப் போட வேண்டாமென்று சொல்லிவிடுங்கள் என்று சித்தப்பா கேட்க, மனிதர் திகைத்துப்போனாராம். சபை எந்தக் கட்சிக்கும் ஆதரவு சொல்வதில்லை, ஆராதனை மண்டபத்தில் தேர்தல் பேச்சே எடுப்பதில்லை, நேர்மையும் விவேகமும் உள்ள நல்லவரைத் தேடிப் போடு என்பதோடு சரி என்றாராம். தன் மனைவி யாருக்குப் போடுகிறாள் என்பதுகூடத் தனக்குத் தெரியாது என்றும் சொல்லியிருக்கிறார். சித்தப்பா நம்புவாரா?

"உள்ளுக்கை முடிவெடுத்துப்போட்டினம். எங்களுக்குத்தான் சொல்லீனமில்லை," என்றுகொண்டு திரும்பி வந்தார்.

அதே கிழமை அண்ணா அந்த வேட்பாளரின் காரில் போவதைச் சித்தப்பா கண்ணால் கண்டுவிட்டார். செய்தி அம்மாவின் காதுக்குப் போனது. அம்மா அண்ணாவை நேரே கேட்டார்.

"உனக்கு உன்ரை தம்பி பெரிசோ, உன்ரை சபை பெரிசோ?"

"அம்மா, நான் அவருக்குப் போடமாட்டன். அவரிட்டையே அதைச் சொல்லிப்போட்டன்," என்றார் அண்ணா.

வோட்டுப் போடாதவர் ஏன் அவருடைய காரில் ஏறுகிறார் என்று அம்மா கேட்டார். சபையில் இருவர் இருவராகச் சேர்ந்து மாதம் ஒருமுறை சில வீடுகளைப் போய்ப் பார்ப்பது வழக்கம், தனக்குச் சோடியாக வாய்த்தவர் அவர்தான், அன்று போனது ஒரு நோயாளிக் கிழவியைப் பார்க்க என்றார் அண்ணா. அம்மா நம்பவில்லை. பிள்ளையார் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு மோர்னிங்சைட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டார். அண்ணா ஒவ்வொரு ஞாயிறும் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்து கதவடியில் நிற்பார். அம்மா அறையை விட்டு வெளியே வரமாட்டார்.

தேர்தலில் அந்த வேட்பாளர் தோற்றார். அதன் பிறகும் அம்மா அண்ணாவின் முகம் பார்க்கவில்லை. பனி கொட்டத் தொடங்கிய ஒரு காலையில், வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே அண்ணா சரிந்து விழுந்தார். மாரடைப்பு. நாற்பத்தொரு வயது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த தொலைபேசியை நான்தான் எடுத்தேன். அதை அம்மாவுக்கு என்ன சொல்லிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

பெட்டியைத் தூக்கியவர்களில் அந்த வேட்பாளரும் ஒருவர். அடக்கம் முடிந்ததும் அந்த மனிதர் அம்மாவிடம் வந்து, தான் சொல்வதைத் தமிழில் சொல்லும்படி என்னைக் கேட்டார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், மண்டபத்துக்குள் இதைப் பேசக்கூடாது என்று தன்னைக் கார்கள் நிற்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், தம்பியின் கதையைச் சொல்லி, உங்களுக்கு என் வோட்டு இல்லை என்று அண்ணா முகத்துக்கு நேரே சொன்னாராம். அதற்குப் பிறகும் இருவரும் ஒரு வீடும் விடாமல் சேர்ந்தே போனார்களாம். அவரைவிட நேர்மையான துணை தனக்கு வாய்த்ததில்லை என்றார்.

நான் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதைத்தானே அவன் என்னட்டையும் சொன்னவன்," என்றார்.

அண்ணாவைப் பார்க்க ஓடிவந்தவர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்து எங்களைச் சாப்பிட வைத்த டோர்செட் பார்க் அயலவருக்கும், பனியில் நின்று குழியடியில் செபம் சொன்ன அந்தக் குழாய் திருத்தும் பிஷப்புக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எங்கள் அண்ணா சொன்னதை, நாங்கள் நம்பாதபோது நம்பிய அந்த வேட்பாளருக்கும் நன்றி. இந்தக் கடைசி நன்றியை அச்சில் போடச் சொன்னவர் அம்மா.