வெந்நீர்க்குளத்து மெட்டு

ஆமாம், திருடினேன். எங்கள் கோயில் திருவிழாவில், பூசையில் நன்மை அப்பம் கொடுக்கும் நேரத்தில், ஊரே கண்கலங்கிப் பாடுகிறதே ஒரு மாதா பாட்டு... அதன் மெட்டு என்னுடையதன்று. வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று முகப்பிலேயே எச்சரிக்கிற ஒரு வீடியோ கேமிலிருந்து எடுத்தேன். அதிலும் எந்தக் காட்சியிலிருந்து... ஐயோ, அதையும் சொல்லத்தான் வேண்டுமா?

சொல்லிவிடுகிறேன். பாதியில் நிறுத்தினால் நீங்கள் அதைவிட மோசமாக நினைத்துக்கொள்வீர்கள்.

நான் தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் எடைமேடை பார்ப்பவன். உப்பு லாரி வரும், நிலக்கரி லாரி வரும், ஏறி நிற்கும், சீட்டு வாங்கிக்கொண்டு போகும். அடுத்த லாரி வரும்வரை வெறும் வெயில். அந்த வெயிலைத் தள்ளத்தான் என் மைத்துனன் ராயப்பன் ஒரு பெட்டி கொடுத்தான். அவன் கப்பலில் வேலை பார்ப்பவன். ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கியது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் கையில் வைத்து விளையாடிய பெட்டி மாதிரியே இருக்கும். பச்சைத் திரை, நாலு பொத்தான், கீச்சுக் குரலில் பாட்டு.

"அத்தான், பிள்ளைகள் கையில குடுத்துராதீங்க" என்று கண்ணடித்தான்.

கேமின் கதை இதுதான். வாளோடு ஒருவன் பேய்களை வெட்டிக்கொண்டே போவான், பலம் கூடும், பட்டம் கூடும். காயம்பட்டால் ஒரு வெந்நீர்க்குளத்துக்குப் போக வேண்டும். அங்கே குளத்துக்காரி ஒருத்தி... துணி களைவாள். பதறாதீர்கள்! எல்லாம் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும். தெரிவது தோளா முழங்காலா என்று கண்டுபிடிக்க நான் கண்ணாடி மாட்ட வேண்டியிருந்தது.

ஆனால் அப்போது ஒலித்த அந்த மெட்டு! அவ்வளவு சாந்தம். போரில் காயம்பட்டவனைத் தாய் மடியில் கிடத்துவதுபோல... காயமே படாமல்கூட நான் குளத்துக்குப் போனதுண்டு. மெட்டுக்காக மட்டும் என்று சொன்னால் நம்புவீர்களா? நானே முழுதாக நம்பவில்லை.

இனி என் மாமனார். சந்தியாகு என்று பெயர், நான் ஆர்மோனியம் வாசிக்கும் கோயில் பாடற்குழுவுக்குத் தலைவர். ஆண்டுதோறும் திருவிழாவுக்குப் புதுப்பாட்டு ஒன்று கட்டுவது எங்கள் வழக்கம்; வரிகள் அவருடையவை, மெட்டு யாராவது போடலாம். ஒரே ஒரு சட்டம்: சினிமா மெட்டு கூடாது. உலகத்தில் உள்ள சினிமாப் பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். இரண்டு சுரம் வாசிப்பதற்குள், "ஏலே, இது தியேட்டர்ல கேட்டதுலா? எந்திரி!" என்பார்.

அத்தை இறந்தபிறகு அவர் வாய்திறந்து பாடவே இல்லை. பிறரைத் திருத்துவதோடு சரி. என்னை மாப்பிள்ளை என்று அழைத்ததும் இல்லை. என் மனைவி செலினிடம், "ஒங்க வீட்டு ஆளு" என்றுதான் சொல்லுவார்.

அந்த ஆண்டு நான் போட்ட மெட்டுக்கெல்லாம் அவர் என்னை எழுப்பிவிட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் என் விரல் தானாக அந்தக் குளத்துக்குப் போய்விட்டது. சினிமாவிலிருந்து எடுக்கக் கூடாது என்றார், எடுக்கவில்லையே!

வாசித்து முடித்தேன். நிமிர்ந்து பார்த்தால், கிழவர் கண் துடைக்கிறார்.

"மாப்பிள்ளை... இது எங்கிருந்து கெடச்சுது?"

மாப்பிள்ளை! அந்த ஒரு சொல்லில் நான் விழுந்தேன்.

"செபத்துல இருக்கையில வந்துச்சு, மாமா."

இதுதான் என் பாவம். மெட்டைத் திருடியதைக்கூட மன்னிப்பீர்கள். இந்தப் பொய்யை?

கடலுக்குப் போனவர்களைக் கரைசேர்க்கும்படி மாதாவிடம் வேண்டி வரிகள் எழுதினார். திருவிழாவில் அவரே பாடினார். ஊரும் பாடியது. லீவில் வந்திருந்த ராயப்பன் ஆண்கள் வரிசையில் நின்றான். முதல் வரியிலேயே முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கினான். "பாவம், கப்பல்ல என்ன பாடு பட்டானோ!" என்று பின்னால் ஒரு பெரியம்மா உச்சுக்கொட்டினாள்.

பூசை முடிந்ததும் மணிக்கூண்டுக்குப் பின்னால் இழுத்துப்போனான்.

"அத்தான், வெந்நீர்க்குளம்தான அது?"

"மெதுவா பேசுலே!"

"நன்மை வாங்கப் போறேன், அந்தக் குளத்துக்காரி வந்து எதுக்க நிக்கா. நான் எப்படி வாயத் தொறக்க?"

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனேன். "ஒன்று திருடிவிட்டேன் சாமி" என்பதற்குமேல் நா எழவில்லை. எடுத்ததை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். ஊரே வாயில் வைத்திருப்பதை எப்படிப் பிடுங்கித் திருப்பிக் கொடுப்பது?

விளையாட்டையாவது விட்டேனா? இல்லை! ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காதில் மாட்டும் ஒயர் கழன்றது தெரியாமல் குளத்தில் இருந்தேன். செலின் அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

"என்னங்க, அப்பா பாட்டா? சத்தமா வையுங்க" என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கண்மூடி உட்கார்ந்தாள். நான் திரையை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்தபடி, அவளோடு சேர்ந்து சிலுவை போட்டுக்கொண்டேன்.

பிறகுதான் அந்தக் கல்.

மாமா நல்ல திடமாகத்தான் இருக்கிறார். ஆனாலும் அத்தையின் கல்லறைக்குப் பக்கத்தில் தனக்கும் இடம் குறித்து, கருங்கல் ஒன்று வெட்டக் கொடுத்துவிட்டார். "அப்பா அதுல அந்த மெட்ட வெட்டப்போறாராம். உளி வைக்கதுக்குள்ள சொல்லிருங்க, அத்தான்" என்று போனில் கெஞ்சினான் ராயப்பன், முதல்முறையாக அவன் சிரிக்கவில்லை. மறுநாளே மாமா என்னைக் கல் பட்டறைக்கு அழைத்துப்போனார். சாக்குக்கட்டியால் குறித்திருந்தார்கள். மேலே அவர் பெயர். நடுவில் பாட்டின் முதல் வரிக்கான சுரங்கள். கீழே... 'மெட்டு: மருமகன் பவுல்.'

"ஒங்க அத்த போனப்பொறம் தொண்ட அடைச்சுப்போச்சு மாப்பிள்ளை. இதுதான் தொறந்துச்சு" என்றார். "சரியா இருக்கா, ஒருக்க பாருங்க. வெட்டிட்டா மாத்த முடியாது."

உளியும் சுத்தியலுமாக ஆசாரி காத்திருக்கிறார். இப்போது சொல்லாவிட்டால் எப்போது? வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன், நம்புங்கள்! ஆனால் சொன்னால் அந்தத் தொண்டை மறுபடி அடைத்துக்கொள்ளுமே... கண் சுரங்களின் மேல் ஓடியது.

"மாமா, அஞ்சாவது தப்பு. 'ப' இல்ல, 'த'."

"பாத்தீரா ஆசாரி! பெத்தவனுக்குத்தான் பிள்ள மொகம் தெரியும்!" என்று என் முதுகில் தட்டினார். உளி இறங்கியது.

ஒரு சுரம் பிசகியிருந்தாலாவது அது குளத்து மெட்டு இல்லை என்று சாதித்திருப்பேன். அதையும் நானே திருத்திக் கொடுத்தேன்!

கல் இப்போது கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறது. ஞாயிறு தவறாமல் மாமா அங்கே போய் அத்தைக்கு அந்தப் பாட்டைப் பாடுகிறார். மெழுகுவர்த்தி பிடிப்பது நான்.

நீங்கள் எங்கள் ஊருக்கு வந்தால், சுரம் வாசிக்கத் தெரிந்தவராக இருந்தால், அந்தப் பெட்டியையும் எங்காவது கையில் வைத்து விளையாடியவராக இருந்தால்... கும்பிட்டுக் கேட்கிறேன், அந்தக் கல்லின் முன்னால் சிரித்துவிடாதீர்கள். அவருக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது.