ஆகாயத்தில் ஒரு கட்டில்

அறுபதுகளின் நடுவில் நான் பம்பாயிலிருந்து லண்டன் போகும் விமானங்களில் ஸ்டூவர்டாக இருந்தேன். மகன் ஏரோப்ளேன் ஓட்டுகிறான் என்று அம்மா விருதுநகர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஏரோப்ளேனில் டீ ஆற்றுகிறான் என்று விருதுநகர் அம்மாவின் காதுபடாமல் சொல்லிக்கொண்டது. இரண்டாவது கட்சிதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது.

என்னைக் கேட்டால், என் வேலை மற்றவர்களைத் தூங்க வைப்பது. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்த பிறகு கம்பளி கொடுப்போம், தலையணை கொடுப்போம், விளக்கை அணைப்போம். தூக்கம் வராதவர்களுக்குச் சூடாகப் பால் கொடுப்போம். கொஞ்ச நேரத்தில் விமானம் முழுக்கக் குறட்டை கிளம்பும். இவ்வளவையும் செய்து முடித்த எங்களுக்குத் தூக்கம் மட்டும் வராது.

இடமே இல்லை என்று சொல்ல முடியாது. கடைசி வரிசையில் மூன்று இருக்கைகளை எங்களுக்கென்று ஒதுக்கி, முன்னால் ஒரு திரையும் தொங்கவிட்டிருந்தார்கள். முறை வைத்துப் போய் உட்காருவோம். ஷூவைக் கழற்றினால் கால் வீங்கி மறுபடி உள்ளே நுழையாது. கழற்றாவிட்டால் பாதம் எரியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கண்ணை மூடினால், கழிப்பறை என்று நினைத்து யாராவது திரையை விலக்குவார்கள். விலக்கியவர் லேசில் போகமாட்டார். வெகுநேரம் மன்னிப்புக் கேட்பார். அப்புறம், "தூங்கிக்கொண்டிருந்தீர்களா?" என்பார். "இல்லை சார்" என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. பிறகு அவருக்குத் தண்ணீர் வேண்டும், அவர் மனைவிக்குத் தலைவலி மாத்திரை வேண்டும்.

எங்கள் சீனியர் ஒருவர் மட்டும் கரை கண்டவர். காபிக் கெட்டிலைப் பிடித்தபடி, சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார். அவரைப் போலப் பொறுப்பாக நிற்கும் ஆளைப் பார்த்ததே இல்லை என்று பயணிகள் பாராட்டிவிட்டுப் போவார்கள். நானும் முயன்று பார்த்து, ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டேன்.

இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மூன்று இடம் தட்டிப் போயிற்று. "மாப்பிள்ளை ராத்திரி எங்கன படுப்பாரு?" என்று எல்லா வீட்டிலும் கேட்டார்கள். உட்கார்ந்தபடியே என்று நான் உண்மையைச் சொன்னேன். படுக்கப் பாய் இல்லாத உத்தியோகத்துக்கு எவன் பெண் கொடுப்பான்?

நாலாவதாக வந்தது அச்சங்குளத்துச் சம்பந்தம். பெண்ணின் போட்டோவைத் தாய்மாமா கொண்டுவந்தார். நாற்காலியில் உட்கார்ந்து எடுத்த படம். போட்டோக்காரர் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிரித்துத் தொலைத்திருப்பாள் போல இருந்தது. மறு நொடியே எனக்குப் பிடித்துவிட்டது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை லண்டன் போய் வந்தேன். இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று, கும்பிட்டுப் பழக்கமில்லாத நான் கும்பிட்டுக்கொண்டேன்.

அமைவதற்கு ஒரு பெரிய தடை இருந்தது. பெண்ணின் அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். காலையில் வேன் வந்து நின்றதும் வாசலில் நின்று, இறங்குகிற ஒவ்வொருவர் கண்ணையும் பார்ப்பாராம். கண் சிவந்திருந்தால் உள்ளே விடமாட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல், கோயில் கொடை, எந்தக் காரணமும் செல்லாது. தூங்கிவிட்டு நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார். தீபாவளி சீசனில் லோடு நின்றாலும், முதலாளியே வந்து சொன்னாலும் கேட்கமாட்டார். மாமாவிடமும் அதையேதான் சொன்னாராம்.

"தூக்கங்கெட்டவன் கையில நான் வெடிமருந்தையே குடுக்க மாட்டேன். மகளக் குடுப்பனா?"

மாமா அசரவில்லை. "என்ன இப்படிக் கேட்டுட்டீக! ஏரோப்ளேன்ல மாப்பிள்ளைக்குன்னு தனிக் கட்டிலு இருக்கு. மெத்தை, தலகாணி, கொசுவலை எல்லாம் கம்பெனியே போட்டுக் குடுத்திருக்கு" என்று அடித்துவிட்டார். முப்பதாயிரம் அடி உயரத்தில் கொசு எப்படி வரும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை போலிருக்கிறது. இருந்தாலும் நேரில் வந்து சொல்லட்டும் என்று போர்மேன் முடிவைத் தள்ளி வைத்தார்.

நான் லண்டனிலிருந்து பம்பாய் வந்து, அங்கிருந்து ரயிலில் மெட்ராஸ் வந்து, மெட்ராஸிலிருந்து இன்னொரு ரயிலில் கூட்டத்தில் நசுங்கி நின்றபடியே விருதுநகர் வந்து சேர்ந்தேன். கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி இருந்தன. மாமா பார்த்துவிட்டுப் பதறினார்.

"ஏலே, இந்தக் கண்ணோட போனா அவரு வாசல்லயே திருப்பி அனுப்பிருவாரேலே!"

குளிர்ந்த தண்ணீரால் அடித்துக் கழுவினோம். கூடச் சிவந்ததுதான் மிச்சம். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாத்தூர் வழியாகப் பஸ்ஸில் போனோம். கண்ணாடி போட்ட மாப்பிள்ளையைப் பார்க்கப் பாதி ஊர் வாசலில் கூடிவிட்டது.

உள்ளே நல்ல சாய்வு நாற்காலியாகப் பார்த்து என்னை உட்கார வைத்தார்கள். தட்டு நிறையக் காராச்சேவு வந்தது. போர்மேன் எதிரே உட்கார்ந்து, நேரே விஷயத்துக்கு வந்தார்.

"அந்தக் கட்டிலப் பத்திச் சொல்லுங்க. எம்புட்டு நீளம் இருக்கும்?"

பொய் சொல்வதா, உண்மையைச் சொல்லிப் பெண்ணை இழப்பதா என்று யோசித்தேன். யோசிப்பதற்காகக் கண்ணாடிக்குள் கண்ணை மூடினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

முழித்தபோது முகத்தில் காற்று பட்டது. கண்ணாடியைக் காணோம். தலைக்குக் கீழே யாரோ தலையணை வைத்திருந்தார்கள். போர்மேன் என் பக்கத்தில் நின்று பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். ஜன்னலில் சத்தம் போட்ட பிள்ளைகளை, "உஷ், போங்கலே அங்கிட்டு" என்று விரட்டவும் செய்தார். மாமா விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு மூலையில் இருந்தார்.

"பொண்ணு காப்பியோட வந்து நின்னுட்டுப் போயிருச்சுலே" என்றார் காதருகே வந்து.

எனக்கு உயிரே போய்விட்டது. எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். கட்டில் இல்லை, கொசுவலை இல்லை, திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் கண்ணை மூடுகிறோம், அதுவும் தூக்கம் இல்லை என்றேன். பெண்ணை இன்னொரு தரம் வரச் சொல்ல முடியுமா என்றும் கேட்டேன்.

"ரெண்டாந்தரம் கூட்டியாந்து நிறுத்துற வளக்கம் எங்க வீட்டுல இல்ல" என்றார் போர்மேன். விசிறியைக் கீழே வைத்தார். "கட்டிலு இல்லைங்கிறது உங்க மாமா கொசுவலைன்னு சொன்னப்பவே தெரியும். தூக்கம் வராத ஆளா இருந்தா நான் விடமாட்டேன். நீங்க இடம் கெடைக்காத ஆளு. அது வேற. எம்மக சரின்னுட்டா. நீங்க என்ன சொல்றீக?"

சட்டைப்பையில் இருந்த போட்டோவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சரி என்றேன்.

பெண்ணை முதன்முதலில் மணவறையில்தான் பார்த்தேன். மாலை மாற்ற எழுந்து நின்றபோது எனக்கு விஷயம் புரிந்தது. அவள் என்னைவிட நாலு விரற்கடை உயரம். நாற்காலியில் எடுத்த போட்டோவில் அது தெரியவில்லை. நாற்காலியில் தூங்கிய என் உயரமும் அவளுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பிற்று. அவள் முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. சிரித்தவர்களை ஒரு முறை முறைத்துவிட்டு, தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டு மாலையைப் போட்டேன்.

பம்பாய்க்குப் புறப்பட்ட ரயிலில், தனியாகப் பேசக் கிடைத்த முதல் பகலில், அவளிடம் கேட்டேன். வாயைப் பிளந்துகொண்டு தூங்கினவனை எதைப் பார்த்துச் சரி என்று சொன்னாய்?

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"உங்களுக்கு முன்னால நாலு பேரு வந்தாக. நல்லா கண்ண முளிச்சுக்கிட்டு, உச்சியில இருந்து கால் வரைக்கும் பாத்தாக. அவுக தங்கச்சிய எம்பக்கத்துல நிறுத்தி அளந்துகூடப் பாத்தாக. நான் தரையவே பாத்துக்கிட்டு நிப்பேன். பாத்துட்டு, ஊருக்குப் போயிச் சொல்லியனுப்புறோம்னு போயிருவாக. அன்னைக்குக் காப்பியோட வந்தா நீங்க தூங்குறீக. காப்பி ஆறுற வரைக்கும் நின்னேன். என்னைய யாரும் பாக்காம, நான் ஒருத்தரைப் பாத்தது அன்னைக்குத்தான்."